'விக்கெட்' என்று எழுதினால் எதைச் சொல்கிறோம்? ஸ்டம்பா, ஆட்டமிழப்பா, ஆடுகளமா?

செந்தூல் ஆசிரியை

வணக்கம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காகக் கிரிக்கெட் விதிக் குறிப்பு ஒன்றும், ஆட்ட அறிக்கை எழுதும் பயிற்சி ஒன்றும் தயாரிக்கிறேன். 'விக்கெட்' என்ற ஒரே சொல் நான்கைந்து வேலை செய்வதால் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள். பயிற்சித் தாளில் உள்ள வாக்கியங்கள் இவை:

"விக்கெட் மெதுவாக இருந்ததால் பந்து மட்டைக்கு வரவில்லை."
"மூன்றாவது ஓவரிலேயே விக்கெட் விழுந்தது."
"பந்து விக்கெட்டில் பட்டும் பெயில் விழவில்லை." (பெயில் என்பது ஸ்டம்ப் கட்டைகளின் தலைமேல் வைக்கும் சிறு குச்சி.)
"ஐந்தாவது விக்கெட்டுக்கு 60 ஓட்டங்கள் சேர்ந்தன."
"ஓவர் தி விக்கெட் வீசினார்."

இதோடு வெற்றிக் கணக்கும் இருக்கிறது. 2025 பிப்ரவரி 2-ஆம் தேதி மலேசியாவின் பாயுமாஸ் ஓவல் திடலில் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா இழந்தது ஒரே விக்கெட். செய்தியில் "9 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி" என்று வருகிறது. எங்கிருந்து வந்தது ஒன்பது என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

எங்கள் திடலில் இருப்பது சிமெண்டுத் தளம். ஸ்பிரிங் வைத்த ஸ்டம்ப்தான் பயன்படுத்துகிறோம். எட்டுப் பேர் அணி. இந்த நிலைக்கும் பொருந்துகிற மாதிரி விளக்கம் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

---

ஸ்கோர் புத்தகம்

டீச்சர், அந்தச் சொல்லைத் தனியாக எடுத்து விளக்க ஆரம்பித்தால் முடிவே வராது. பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்லையும் வேற்றுமை உருபையும் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் அவையே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விக்கெட் *விழுந்தது, சரிந்தது, போனது* என்றால் ஒருவர் ஆட்டமிழந்தார். கேட்சில் வெளியேறியபோது ஸ்டம்பை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள், ஆனாலும் விக்கெட் விழுந்தது என்றுதான் எழுதுவோம். விக்கெட்டை *எடுத்தார், வீழ்த்தினார், சாய்த்தார்* என்றால் பந்துவீச்சாளரின் கணக்கு. *பறிகொடுத்தார்* என்றால் மட்டையாளர் தன் தவறால் வெளியேறினார். விக்கெட்*டில்* பட்டது என்றால் கட்டை. விக்கெட் *மெதுவாக, காய்ந்து, வெடித்து* இருக்கிறது என்று பெயரடையோ நிலையோ வந்தால் ஆடுகளம். எண்ணோடு சேர்ந்து 'ஐந்தாவது விக்கெட்*டுக்கு*' என்று வந்தால், இரண்டு மட்டையாளர்கள் சேர்ந்து ஓட்டம் எடுக்கும் கூட்டணி.

இனி அந்த ஒன்பது. பதினொரு பேர் அணியில் இழக்கக்கூடிய விக்கெட் பத்து. பதினோராவது ஆளுக்கு எதிர்முனையில் துணை இல்லாததால் பத்தாவது விழுந்ததும் அந்த அணியின் ஆட்டம் முடிகிறது. இரண்டாவதாக மட்டை பிடித்து வெல்லும் அணிக்கு, *இன்னும் விழ வேண்டிய* விக்கெட் எத்தனையோ அத்தனை வித்தியாசம். அந்த இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 82. இந்தியா 11.2 ஓவரில் 84/1. பத்தில் ஒன்று போனது, மீதி ஒன்பது. எதிரணி இழந்த பத்தையும் இந்தியா இழந்த ஒன்றையும் கழித்தாலும் ஒன்பதுதான் வரும். மாணவர்கள் அப்படிக் கணக்குப் போட்டுச் சரியான விடைக்கு வந்துவிடுவார்கள், ஆனால் அந்த வழி தவறு. முதலில் ஆடிய அணி ஐந்து விக்கெட் இழப்போடு ஓவரை முடித்திருந்தால் அந்தக் கழித்தல் உடனே பொய்த்துவிடும். வித்தியாசம் என்ற சொல்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். "கைவசம் 9 விக்கெட் இருக்கையில் வென்றது" என்று ஒருமுறை எழுதிக் காட்டினால் புரிந்துவிடும்.

உள்ளூரிலேயே இன்னொரு கணக்கு: 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் கிரிக்கெட் இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியா 183, தென்னாப்பிரிக்கா 184/6. ஆறு போய் நான்கு மீதி, ஆகவே 4 விக்கெட் வெற்றி. இதில் "6 விக்கெட் *இழப்புக்கு* 184" என்பதும் "4 விக்கெட் *வித்தியாசத்தில்*" என்பதும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து வரும். இரண்டையும் கூட்டினால் பத்து வரவேண்டும். அறிக்கையைச் சரிபார்க்க இதுவே போதும்.

முதலில் மட்டை பிடித்த அணி வென்றால் விக்கெட் கணக்கே வராது, ஓட்டக் கணக்குத்தான். 2008-இல் கின்ராரா ஓவலில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா 8 விக்கெட் இழந்து ஓவரை முடித்தது. இரண்டு விக்கெட் மீதி இருந்தும் தோல்வி, இந்தியா 12 ஓட்டத்தில் வெற்றி, மழையால் ஆட்டம் குறையும்போது இலக்கை மாற்றிக் கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ் முறைப்படி.

எட்டுப் பேர் அணிக்கு விக்கெட் ஏழு. மூன்று இழந்து வென்றால் 4 விக்கெட் வித்தியாசம், 7 அல்ல. கடைசி ஆள் தனியாக நின்று ஆடலாம் என்று நீங்கள் விதி வைத்திருந்தால் மட்டும் எட்டு. இதை டாஸுக்கு முன்பே ஸ்கோர் தாளின் மேல் எழுதிவிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் பேசினால் சண்டைதான்.

பந்துவீச்சாளர் கணக்கில் எது ஏறும் என்பதில்தான் ஸ்கோர் போடுகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். போல்டு, கேட்ச், எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் ஆகிய ஐந்தும் ஏறும். ரன் அவுட், களத்தடுப்பைத் தடுத்தல், பந்தை இருமுறை அடித்தல், டைம்டு அவுட் (உரிய நேரத்துக்குள் மட்டை பிடிக்க வராதது), ரிடயர்டு அவுட் (காயமில்லாமல் தானாகவே வெளியேறுவது) ஆகியவை அணியின் கணக்கில் விழும், பந்துவீச்சாளர் பெயரில் ஏறாது. அதனால் பந்துவீச்சுப் பட்டியலில் உள்ள விக்கெட்டுகளைக் கூட்டினால் எட்டு, அணி இழந்தது பத்து என்று வந்தால் பதறவேண்டாம். இடையில் இரண்டு ரன் அவுட் இருக்கிறதா பாருங்கள். காயம்பட்டு வெளியேறியவர் விக்கெட்டே இல்லை. திரும்பி வந்து ஆடலாம்.

மூன்று பொருள் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து வர மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் நம் மலேசியப் பந்துவீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸைக் கொடுங்கள். 2023 ஜூலை 26, பாயுமாஸ் ஓவல், சீனாவுக்கு எதிராக 4-1-8-7. அதாவது 4 ஓவர், 1 மெய்டன் (ஓட்டமே கொடுக்காத ஓவர்), 8 ஓட்டம், 7 விக்கெட். ஆண்கள் சர்வதேச டி20-யில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர். அந்த ஏழுமே போல்டு! ஏழு *விக்கெட்* எடுக்க ஏழு முறை *விக்கெட்டைத்* தகர்த்தார், மலேசியா 8 *விக்கெட்டில்* வென்றது. மூன்று பொருளும் ஒரே வரியில்.

---

ஜார்ஜ்டவுன் நடுவர்

கட்டை என்ற பொருளை நான் எடுத்துக்கொள்கிறேன். திடலில் சர்ச்சை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

விதிப்புத்தகத்தில் விக்கெட் என்றால் மூன்று ஸ்டம்பும் இரண்டு பெயிலும் சேர்ந்த அமைப்பு, அவ்வளவுதான். மொத்த அகலம் 22.86 செ.மீ, உயரம் 71.1 செ.மீ. ஒரு ஸ்டம்பின் விட்டம் 3.50 முதல் 3.81 செ.மீ வரை. மூன்று ஸ்டம்பின் தடிமனைக் கழித்தால் ஒவ்வோர் இடைவெளியும் ஏறத்தாழ 6 செ.மீ. பந்தின் விட்டம் 7 செ.மீ-க்குச் சற்று மேல். அதனால் பந்து இடையில் புகுந்து போக முடியாது. 1775 வரை இரண்டு ஸ்டம்ப்தான். லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து ஒரே ஆட்டத்தில் மூன்று முறை ஜான் ஸ்மாலின் இரண்டு கட்டைக்கு நடுவே புகுந்து போய், அவர் அவுட் ஆகாமல் நின்றார். அதற்குப் பிறகுதான் நடுக்கட்டை வந்தது.

பள்ளிகளில் ஸ்டம்பைக் கண்ணளவில் நடுகிறார்கள். அகலம் கூடினால் பெயில் காற்றுக்கே விழும், குறைந்தால் இறுகிப்போய்ப் பந்து உரசினாலும் விழாது. 22.86 செ.மீ-க்கு ஒரு மரச்சட்டம் வெட்டி வைத்துக்கொண்டு, ஓரத்து இரண்டையும் முதலில் நட்டு, நடுவை அப்புறம் நடுங்கள். மண் ஆடுகளம் காய்ந்து கிடந்தால் குழியில் முன்கூட்டியே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு அடிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் நேராக அடித்தால் ஸ்டம்பின் தலை பிளந்து பெயில் உட்காரும் குழிவு கெட்டுவிடும்.

விக்கெட் *தகர்ந்தது* என்று சொல்ல, குறைந்தது ஒரு பெயில் ஸ்டம்பின் தலையிலிருந்து முழுமையாக நீங்க வேண்டும், அல்லது ஒரு ஸ்டம்ப் தரையிலிருந்து பிடுங்கப்பட வேண்டும். பெயில் துள்ளி மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தால் நாட் அவுட். ஆனால் விழும்போது இரண்டு ஸ்டம்புக்கு நடுவே சிக்கி நின்றால் அது நீங்கியதாகவே கணக்கு. ஆசிரியை கேட்ட "பட்டும் விழவில்லை" என்ற வாக்கியம் முழுக்கச் சரி. 2019 உலகக் கோப்பையில் பும்ரா வீசிய பந்து வார்னரின் மட்டை உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பில் மோதியது, பெயில் அசையவில்லை, அவர் தொடர்ந்து ஆடினார். விளக்கு எரியும் பெயில் வைத்த ஆட்டங்களில் விளக்கு எரிந்த முதல் காட்சியைத்தான் தகர்ந்த நொடியாக எடுப்பார்கள். ஆனால் பெயில் பிறகு உண்மையிலேயே நீங்கியிருக்க வேண்டும். விளக்கு மட்டும் எரிந்தால் போதாது.

விக்கெட் கீப்பர் செய்யும் பெரிய பிழை: பந்து வலது கையுறையில், பெயிலைத் தட்டியது இடது கை. நாட் அவுட். பந்து இருக்கும் கையாலோ அந்தக் கையின் புஜத்தாலோதான் தட்ட வேண்டும். இரண்டு கையும் சேர்த்துப் பந்தைப் பிடித்திருந்தால் எந்தக் கை பட்டாலும் சரி. பயிற்சியில் "இரண்டு கையும் சேர்த்து" என்றே பழக்கிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

ஒரு பெயில் ஏற்கனவே விழுந்திருந்தால் மற்றதை நீக்கினால் போதும். இரண்டுமே விழுந்திருந்து, ஆட்டக்காரர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், களத்தடுப்பாளர் பெயிலை எடுத்து மறுபடி வைத்துத் தட்டலாம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அவர்தான் வைக்கலாம், நடுவர் வைக்கக் கூடாது. இல்லாவிட்டால் பந்தைப் பிடித்த கையாலேயே ஒரு ஸ்டம்பைப் பிடுங்க வேண்டும். சிறுவர்கள் பந்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பிடுங்குவார்கள், அது செல்லாது.

உங்கள் ஸ்பிரிங் ஸ்டம்பில் இங்கேதான் இடிக்கும். அது இரும்பு அடித்தட்டில் பூட்டியது, பிடுங்க முடியாது. பெயில் இரண்டும் விழுந்தபின் இரண்டாவது ரன் அவுட் வாய்ப்பு வந்தால் என்ன செய்வது? காற்று பலமாக இருக்கும்போது பெயிலே இல்லாமல் ஆடுவதற்கு விதியில் இடமுண்டு. அப்போது இரு முனையிலும் பெயில் எடுக்கப்படும். பந்தோ பந்துள்ள கையோ ஸ்டம்பில் பட்டதாக நடுவருக்குத் தெளிவானால் விக்கெட் தகர்ந்ததாக அவர் முடிவு செய்யலாம். அதே அளவுகோலை "ஸ்பிரிங் ஸ்டம்பில் பெயில் இரண்டும் விழுந்த பிறகு" என்று சேர்த்து உள்ளூர் விதியாக எழுதிவிடுங்கள். அடித்தட்டைத் தூக்கினால் அவுட் என்று சிலர் வைக்கிறார்கள். அதை வேண்டவே வேண்டாம், கால்விரலில் விழுந்தால் எலும்பு முறியும்.

இன்னொன்று: மட்டை ஸ்டம்பை லேசாக உரசிப் பெயில் விழுந்தாலும் ஹிட் விக்கெட்தான். பந்தை ஆடும்போதோ, ஆடிய உடனே முதல் ஓட்டத்துக்குக் கிளம்பும்போதோ நடந்தால் அவுட். ஓட்டம் முடித்து ஓய்ந்து நிற்கும்போது மட்டை பட்டு விழுந்தால் அவுட் இல்லை.

---

செந்தூல் ஆசிரியை

மிக்க நன்றி ஐயா, ஸ்பிரிங் ஸ்டம்ப் விதியை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். கூட்டணி என்ற பொருளில் 'ஐந்தாவது விக்கெட்' என்றால் ஐந்து பேர் அவுட் ஆன பிறகா, நான்கு பேர் அவுட் ஆன பிறகா? ஓவர் தி விக்கெட் என்பதை எப்படி விளக்குவது? 'விக்கெட்டுக்கு மேலே' என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார்.

---

ஸ்கோர் புத்தகம்

நான்கு பேர் போனபின் தொடங்கி ஐந்தாவது ஆள் போகும் வரை. விழப்போகும் விக்கெட்டின் எண்தான் கூட்டணியின் எண். அதனால் தொடக்க ஜோடி முதல் விக்கெட்டுக்கு ஆடுகிறது. 1956-இல் சென்னையில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 எடுத்தபோது அதுவரை விழுந்த விக்கெட் பூஜ்யம். 2006-இல் கொழும்பில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சங்கக்காரவும் ஜயவர்தனவும் மூன்றாவது விக்கெட்டுக்கு 624 சேர்த்தார்கள். அப்போது விழுந்திருந்தவை இரண்டு.

ஒரு நுணுக்கம், ஸ்கோர் போடுகிறவர்களுக்கு மட்டும். ஒரு விக்கெட்டின் கூட்டணியில் மூன்று பேரும் இருக்கலாம். 1982-இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியாவின் மூன்றாவது விக்கெட்டுக்கு 415 ஓட்டம் சேர்ந்தது. வெங்சர்க்கார் காயத்தோடு வெளியேறும்வரை விஸ்வநாத்தோடு 99, பிறகு யஷ்பால் சர்மா வந்து 316. காயத்தில் வெளியேறியதை விக்கெட்டாக எண்ணாததால் மூன்றாவது விக்கெட் முடியாமல் நீண்டது. ஸ்கோர் தாளில் இதை ஒரே கோட்டில் போட்டு, இடையில் பிரித்துக் காட்ட வேண்டும். புதிதாக நான்காவது என்று எழுதிவிட்டால் அதற்குப் பின் எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகும்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் பயிற்சி

ஓவர் தி விக்கெட்டை மொழிபெயர்க்க வேண்டாம் டீச்சர். கை எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். பந்து போடும் கை ஸ்டம்புக்குப் பக்கத்தில் இருந்தால் ஓவர், தள்ளி இருந்தால் ரவுண்டு. வலது கையர் ஓடி வந்து ஸ்டம்பு தன் வலப்பக்கம் இருக்கும்படி வீசினால் ஓவர் தி விக்கெட். இடது கையருக்கு அப்படியே எதிர். பக்கத்தை மாற்றுவதற்கு முன் நடுவரிடம் சொல்ல வேண்டும், அவர் மட்டையாளருக்குத் தெரிவிப்பார். சொல்லாமல் மாற்றி வீசினால் நோ பால். மைதானத்தில் சிறுவர்கள் பலமுறை இதை மறக்கிறார்கள்.

மிட்விக்கெட் என்பதும் அப்படியே விட்டுவிட வேண்டியது. லெக் பக்கத்தில் மிட் ஆனுக்கும் ஸ்குயர் லெக்குக்கும் நடுவே நிற்கும் இடம். பெயரில் விக்கெட் இருந்தாலும் ஸ்டம்பையோ ஆட்டமிழப்பையோ தேட வேண்டாம். ஆடுகளத்தின் நீளத்தில் பாதிக்கு நேரே நிற்பதால் வந்த பெயர் என்று சொன்னால் படம் மனதில் நிற்கும். ஆனால் 'விக்கெட்டுக்குப் பின்னால்' என்றால் கட்டைக்குப் பின்புறம், கீப்பரும் ஸ்லிப்பும் நிற்கும் பகுதி.

இனி ஆடுகளப் பொருள், கோலாலம்பூரில் இதைத் தவிர்க்கவே முடியாது. விதிப்படி ஆடுகளத்தின் பெயர் பிட்ச்: 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம். உங்கள் சிமெண்டுத் தளம் மாதிரி செயற்கைத் தளத்துக்குக் குறைந்தது 17.68 மீட்டர் நீளம், 1.83 மீட்டர் அகலம் போதும். வர்ணனையாளர்கள் அதையே விக்கெட் என்கிறார்கள், விதிப்புத்தகம் அப்படிச் சொல்லாது. மாணவர் அறிக்கையில் இந்தப் பொருளுக்கு 'ஆடுகளம்' என்றே எழுதவைத்தால் பாதிக் குழப்பம் தீரும். மைதானம், திடல் என்று எழுத விடாதீர்கள், அது மொத்த இடத்தையும் குறிக்கும்.

மதியம் மூன்று மணிக்கு மேல் இடி மழை கொட்டிவிட்டு மறுபடி வெயில் வரும் நம் ஊரில், மூடாத மண் ஆடுகளம் என்ன ஆகும் என்று பாருங்கள். மேல்தோல் ஊறி இளகும், அடியில் கெட்டியாகவே இருக்கும். வெயில் பட்டு மேலே காயத் தொடங்கும் நேரம்தான் ஆபத்து. பந்தின் தையல் இளகிய தோலில் பிடித்து நின்று எழும்பும், சில பந்து காலடியில் தவழும், சில தொண்டைக்கு வரும். சுழற்பந்து அகலமாகத் திரும்பும். முழுக்க ஈரமாக இருந்தால் இவ்வளவு மோசம் இல்லை, பந்து வழுக்கிக்கொண்டு மெதுவாக வரும். இந்த அரைகுறைக் காய்ச்சலைத்தான் பழைய ஆட்டக்காரர்கள் ஸ்டிக்கி விக்கெட் என்றார்கள். பெரிய ஆட்டங்களில் மூடிவிடுவதால் இப்போது அரிது. பள்ளி, கிளப் திடல்களில் தார்ப்பாய் ஓரம் வழியாகத் தண்ணீர் ஊறிப் பந்துவீச்சாளர் கால் ஊன்றும் இடம் நனைந்துவிடும். மூடும்போது ஆடுகளத்தின் விளிம்பைத் தாண்டி இருபுறமும் நன்றாக நீட்டி, மேடான பக்கத்துத் தார்ப்பாய் பள்ளமான பக்கத்தின் மேல் ஏறும்படி போடுங்கள். மாற்றிப் போட்டால் வழியும் தண்ணீர் இணைப்புக்குள்ளேயே இறங்கும்.

பாய் விரித்த சிமெண்டுத் தளத்தில் இந்தச் சங்கதி எதுவும் இல்லை, எழும்பும் உயரம் ஒரே மாதிரி. அங்கே கெடுவது பாய் தான். இழுவை தளர்ந்து சுருக்கம் விழுந்தால் பந்து அதில் பட்டு எங்கும் திரும்பும், ஓடுபவர் காலும் இடறும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டிவிட்டு, பந்து குத்தும் நீளத்தில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கிரீஸ் கோட்டைச் சுண்ணாம்பில் போட்டால் பாயில் நிற்காது, பெயிண்ட் தேவை. மட்டையாளரின் எல்லைக் கோடான பாப்பிங் கிரீஸ், ஸ்டம்ப் நடுவிலிருந்து 1.22 மீட்டர் முன்னால். பாய் நகர்ந்தால் கோடும் நகரும், அதையும் அளந்து சரிபார்க்க வேண்டும்.

---

ஜார்ஜ்டவுன் நடுவர்

பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் சொன்ன ஆடுகளம் யோசனைக்கு என் ஆதரவு உண்டு. அப்படியே கட்டைக்கு 'ஸ்டம்ப்' என்று எழுதவைத்தால், 'விக்கெட்' ஆட்டமிழப்புக்கும் கணக்குக்கும் மட்டும் மிஞ்சும். ஆனால் விதிக் குறிப்பில் மட்டும் விக்கெட் என்றே இருக்கட்டும், ஸ்டம்ப் என்று மாற்றாதீர்கள். ஸ்டம்ப் ஒன்று, விக்கெட் மூன்று ஸ்டம்பும் பெயிலும் சேர்ந்தது. "ஸ்டம்ப் தகர்ந்தால் அவுட்" என்று படித்த பிள்ளை, பெயில் விழாமல் ஸ்டம்ப் மட்டும் ஆடினாலும் அவுட் கேட்டு நிற்கும். அறிக்கைக்கு ஒரு வழக்கு, விதிக்கு ஒரு வழக்கு என்று தாளிலேயே தனித்தனியாகத் தலைப்பிட்டுவிடுங்கள்.

---

ஸ்கோர் புத்தகம்

பயிற்சித் தாளுக்கு ஒரு கேள்வி தருகிறேன், வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் இதே பாயுமாஸில் இந்தியாவின் வைஷ்ணவி சர்மா மலேசியாவுக்கு எதிராக 5 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார், அதில் ஹாட்ரிக்கும் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) உண்டு. மலேசியா 31-க்கு ஆல் அவுட். இந்தியா விக்கெட் இழப்பின்றி 32 எடுத்து வென்றது. கேள்வி: வெற்றி வித்தியாசம் என்ன? இந்தியாவின் எத்தனையாவது விக்கெட்டுக் கூட்டணி 32 ஓட்டம் சேர்த்தது? ஹாட்ரிக் பந்துகளில் ஒன்று ரன் அவுட் ஆக இருந்திருந்தால் அது ஹாட்ரிக் ஆகுமா? விடை முறையே 10 விக்கெட், முதல் விக்கெட், ஆகாது. மூன்றாவதற்குக் காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். ரன் அவுட் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாது என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.